விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களுக்கு மாநகராட்சி அலுவலகம்: எந்த மேசையில் எந்தக் காகிதம்

விடுப்பில் ஊருக்கு வருகிறவருக்கு மாநகராட்சி அலுவலகத்தில் இருக்கும் வேலை அநேகமாக வீட்டைச் சுற்றித்தான் இருக்கும். காலமான அப்பாவின் பெயரில் வரும் சொத்து வரியை மாற்ற வேண்டும். காலிமனை வரி பாக்கி நிற்கும். தெருவில் சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளத்துக்குப் போயிருக்கும். இந்த முறை தென்மாவட்ட மாநகராட்சி ஒன்றின் மண்டல அலுவலகத்தில் பார்த்தவையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விதிகளும் கீழே. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, சென்னை உட்பட எல்லா மாநகராட்சிகளுக்கும் சட்டம் ஒன்றுதான். சென்னைக்கு இணையதளமும் 1913 என்ற புகார் எண்ணும் தனி.

பணம் கட்டுவது எளிதாகிவிட்டது, அதை மறுக்க முடியாது. வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் துபாயிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ பாக்கியைப் பார்த்து, கட்டி, ரசீதையும் எடுத்துக்கொள்ளலாம். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்கும் அக்டோபர் 31க்கும் முன்னால் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் கூடுதல். வழக்கமாக இடறும் இடங்கள் இரண்டு. வெளிநாட்டு அட்டையைப் பணம் செலுத்தும் தளம் ஏற்காமல் போகலாம்; வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ ரூபாய்க் கணக்கின் நெட் பேங்கிங் கைகொடுக்கும். ஓடிபி போகும் கைப்பேசி எண் பத்து வருடத்துக்கு முன்பு விட்டுப்போன சிம்மாக இருக்கும். ஊரில் இருக்கும்போதே மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றிவிடுங்கள். பழைய வரிவிதிப்பு எண்ணை வைத்துத் தேடினால் எதுவும் வராது. கணினிமயமான பிறகு தந்த புதிய எண் வேண்டும். பழைய ரசீதைக் காட்டினால் கவுண்டரிலேயே எடுத்துத் தருவார்கள்.

ஆக, வாங்கும் பக்கம் வெளிப்படையாகிவிட்டது. முடிவெடுக்கும் பக்கம் இன்னும் கேட்டால்தான் தெரியும், கேட்பதற்கு அந்தக் காகிதத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

சொத்து வரித் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 உயர்வில் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று படி வைத்தார்கள். 1,180 சதுர அடி வீடு பதிவேட்டில் 1,210 என்று ஏறியிருந்தால் முப்பது சதுர அடிக்காக ஒரு படி மேலே போய்விடும். ரசீதில் மொத்தத் தொகைதான் இருக்கும். அளவு எவ்வளவு, எந்த மண்டல மதிப்பு, குடியிருப்பா வணிகமா என்பது தெரியாது. கேட்க வேண்டியது வரிவிதிப்புப் பதிவேட்டின் நகல். அதில் பிழை தெரிந்தால் ஆணையருக்கு மறுஆய்வு மனு. மாமன்றத்தில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. அப்படி ஒரு குழு இருப்பது பல கவுன்சிலர்களின் வார்டு மக்களுக்கே தெரியாது.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மூலப் பத்திரம் அல்லது செட்டில்மெண்ட் பத்திரம், பாக்கியில்லாத கடைசி ரசீது, இவைதான் அடிப்படை. கோப்பு நிற்பது பெரும்பாலும் காகிதம் இல்லாததால் அல்ல, காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால். பத்திரத்தில் பழைய சர்வே எண், நகரளவைப் பதிவேட்டில் வேறு எண். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து அப்பா பெயராக நிற்கும். அக்கா தங்கைகள் வாரிசுச் சான்றில் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் கேட்பார்கள். ஒருவர் சிங்கப்பூரிலும் ஒருவர் லண்டனிலும் இருந்தால் இதை விடுப்புக்கு முன்பே முடித்துக்கொண்டு வருவது நல்லது. வரி ரசீதில் பெயர் மாறிவிட்டதால் மட்டும் சொத்து நம்முடையது ஆகிவிடாது. அது வரி கட்டுபவர் யார் என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். பட்டாவும் பத்திரமும் தனி.

மனு கொடுத்ததும் முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டோ இணையத்தில் விண்ணப்ப எண்ணோ கிடைக்கும். அது போதாது. தபால் பிரிவிலிருந்து பிரிவு எழுத்தரிடம் போனதும் கோப்புக்கு அலுவலகம் தரும் ந.க. எண் ஒன்று விழும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டால், கோப்பு பில் கலெக்டரிடமா, உதவி வருவாய் அலுவலரிடமா, உதவி ஆணையரிடமா என்று பிறகு யாராலும் சொல்லிவிட முடியும். இணையத்தில் ‘பரிசீலனையில்’ என்று வருவது எந்த மேசை என்று சொல்வதில்லை.

இனி தகவல் அறியும் உரிமை. வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இந்த உரிமையைத் தருகிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ கேட்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் கேட்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்காக அஞ்சல் துறை கொண்டுவந்த மின்னணு போஸ்டல் ஆர்டர் மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான் செல்லும். மாநகராட்சிக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும், அதை ஊரில்தான் வாங்க முடியும். பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் இருக்கிறது. விடுப்பு அதற்குள் முடிந்துவிடும். அதனால் பொது விஷயமாக இருந்தால் ஊரில் இருக்கும் தம்பியோ சித்தப்பாவோ தம் பெயரிலேயே கேட்கட்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்க 6(2) பிரிவு அலுவலகத்துக்கு இடம் தரவில்லை. தனிப்பட்ட வரிக் கோப்பு என்றால் சொத்துக்காரரே கேட்பதுதான் சரி. மூன்றாம் நபர் விவரம் என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுக்க வழி இருக்கிறது.

‘ஏன் என் கோப்பு தாமதமாகிறது?’ என்று எழுதினால் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: ‘மேற்கண்ட ந.க. எண் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் சான்றிட்ட நகல்; அக்கோப்பு ஒவ்வொரு அலுவலரிடமும் வந்த தேதி, சென்ற தேதி.’ பக்கத்துக்கு 2 ரூபாய். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி, 2(ஜே) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிடக் கேட்பது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நூறு பக்கம் நகல் எடுத்துக் கொடுக்கத் தயங்கும் அலுவலகம்கூட, ஒரு மேசையைக் காட்டி உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிடுவது உண்டு. தேவையான நாலு பக்கத்தை மட்டும் குறித்துக் கொடுத்து நகல் வாங்கலாம்.

இதே சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது: அலுவலர்களின் அதிகாரம், முடிவெடுக்கும் முறை, வரவு செலவு, மானியப் பயனாளிகள் என்று. சுவரில் அந்தப் பலகை இருக்கும். மாறிப்போன அதிகாரியின் பெயரோடு இருக்கும்.

சாலை விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஊருக்கு வரும் எல்லோரும் புலம்புவது இதைத்தான். பழைய தாரின் மேலேயே 40 மில்லிமீட்டர் தார் ஒருமுறை போட்டால் கண்ணுக்குத் தெரியாது. மூன்று முறை போட்டால் 12 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு வாசற்படி. மழைத் தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வாசலுக்குள் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லாத் துறைக்கும் எழுதினார். அந்த உத்தரவு தெரிந்த தெருவில் வேலை ஒழுங்காக நடக்கிறது, தெரியாத தெருவில் ரோலர் நேராக ஏறுகிறது.

பார்க்க வேண்டிய காகிதங்கள் நான்கு: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் (எம்-புக் என்றால்தான் பொறியியல் பிரிவில் உடனே புரியும்), ஒப்பந்தக்காரருக்குப் பில் தொகை கொடுத்த விவரம். மதிப்பீட்டில் ‘மில்லிங்’, அதாவது பழைய தாரைச் சுரண்டுவது, என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்தக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குச் சொல்லப்படாத வேலை அது. இருந்தும் சுரண்டாமல் போட்டிருந்தால் எம்-புக்கில் அந்த வரிக்கு அளவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் கேள்வி. எம்-புக்கில் நீளம், அகலம், கனம் மூன்றும் இருக்கும். உதவிப் பொறியாளர் எழுதுவார், மேலே உள்ளவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். தெருவின் அகலத்தை டேப் வைத்து நீங்களே அளக்கலாம். மூன்று மீட்டர் போட்ட இடத்தில் வடிகால் விளிம்பு வரை மூன்றரை என்று ஏறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கனத்தை ஓரத்தில் வைத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஓரம் எப்போதும் மெலிந்துதான் இருக்கும். பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்கும் உரிமையும் 2(ஜே)யில் இருக்கிறது. சாலை போடும் முன்பு வாசற்படிக்கும் சாலைக்கும் இடையிலான உயரத்தை, டேப்போடு தேதி தெரிய ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் வாதமே தேவைப்படாது.

டெண்டர் விவரம் மாநில அரசின் டெண்டர் தளத்தில் இருக்கும். தெருப் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது; பல தெருக்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாக விடுவதால் வார்டு எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி 2 கோடி ரூபாய் வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அதைவிடக் குறைத்திருந்தால் மேலதிகாரி காரணம் எழுதியிருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும் கேட்டு வாங்கலாம்.

இதெல்லாம் வேலை முடிந்த பிறகு கேட்பது. வேலையை முடிவு செய்யும்போதே பேசும் இடம் பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை இருந்தது. நகரத்துக்கு அப்போது எதுவும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகளை வைத்து ஓட்டிய காலமும் உண்டு. 2022 ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் அதன் உறுப்பினர்கள். சபையின் கோரிக்கைகள் கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவுக்குப் போய், அங்கிருந்து மாநகராட்சிக்குப் போகும்.

இதில் கோளாறு சபைக்கு முன்பும் பின்பும்தான். முன்பு: அறிவிப்பு சரியாகப் பரவுவதில்லை, உங்கள் தெரு எந்தப் பகுதியில் வருகிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. வார்டு அலுவலகத்தில் எல்லை வரைபடத்தைக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பு: ‘தண்ணி வரல, லைட் எரியல’ என்று வாய்வழியாகச் சொன்னது எதுவும் எழுத்தில் ஏறுவதில்லை. எழுதிக் கொடுப்பதையும் பொறியாளர் அப்படியே மதிப்பீடாக மாற்றும்படி எழுத வேண்டும்: இந்தக் கதவு எண்ணிலிருந்து இந்தக் கதவு எண் வரை, இத்தனை மீட்டர், இந்த எண்ணுள்ள விளக்குக் கம்பம். கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பின் நகலையும் எடுத்த நடவடிக்கையையும் தகவல் சட்டத்தில் கேளுங்கள். அடுத்த சபைக்கு அந்த நகல்தான் ஆயுதம். ஊரில் வாக்கில்லாதவர்கள் அம்மாவையோ மாமாவையோ முன்னிறுத்துவது நல்லது. துபாயிலிருந்து வந்தவர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் கூட்டம் வேறு பக்கம் போய்விடும்.

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற வேலைக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தெரு நலச்சங்கத்தின் கணக்குக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எப்சிஆர்ஏ) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் அனுப்பிய பணத்துக்குச் சங்கச் செயலாளர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

வாசலில் ‘முடிச்சுத் தரேன் சார்’ என்று நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விடுப்பு முடியும் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். கேட்கும்போதே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்வது இன்னும் பாதுகாப்பு. கவுன்சிலர் மீதோ அலுவலர் மீதோ முறைகேட்டுப் புகார் என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம். அது சென்னையில் இருக்கிறது.

விமானம் ஏறும் முன் ஊரில் ஒருவரிடம் விட்டுப்போக வேண்டியவை: ந.க. எண்கள், ஒப்புகைச் சீட்டுகள், அலுவலகத்தில் போய் விசாரிக்க ஓர் அங்கீகாரக் கடிதம். பத்திரப் பதிவு வரை போகும் வேலை என்றால் கடிதம் போதாது, பவர் பத்திரம் வேண்டும். அதை வெளிநாட்டிலேயே தூதரகத்தில் சான்றொப்பமிட்டு அனுப்பினால், இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. இந்த இரண்டு கடைசித் தேதிகளையும் மனுதாரரின் கைப்பேசி நாட்காட்டியில் நீங்களே ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.