பழைய பேனாப் பெட்டி வாங்கறீங்களா, முதல்ல பில்ல பாருங்க

டெல்லில ஒரு ஆன்டிக் கடைல 85 ஆயிரம் குடுத்து ஏமாந்துட்டேன். கடை பேரு வேணாம், ஆனா இதே சரக்கு உங்ககிட்டயும் வரும்னுதான் எழுதறேன். ஈரான்ல கஜார் ராஜாக்கள் காலத்து கலம்தான், அதாவது பேனாவும் மைக்கூடும் வைக்கிற நீளப் பெட்டி, காகிதத்த கூழாக்கி செஞ்சு மேல படம் வரைஞ்சு வார்னிஷ் அடிச்சது (லாக்கர்னு சொல்றாங்களே தவிர சீனா ஜப்பான் மாதிரி மரப்பால் கிடையாது). சுத்தி ரோஜாவும் புல்புல்லும், நடுவுல இடுப்பு வரைக்கும் கருந்தாடியோட கஜார் ராஜா ஃபத் அலி ஷா. "ராஜாவே கையால மந்திரிக்குக் குடுத்தது சார்"னு கடைக்காரர் சொன்னதும் எனக்கு கையே நடுங்கிருச்சு.

வீட்டுக்கு வந்து பெட்டில போட்டிருந்த தேதிய படிச்சா ஹிஜ்ரி 1253. அதாவது 1837. ஷா செத்தது 1834-ல! சரி, செத்த ராஜா படத்த பின்னாடியும் வரைவாங்கதானேனு மனச தேத்திக்கிட்டு யூவி டார்ச் அடிச்சேன், மூலைல பெயின்ட் உதிர்ந்த இடத்துல காகிதம் பளீர்னு நீலமா மின்னுது, நம்ம ஜெராக்ஸ் பேப்பர் மாதிரியே. பேப்பர் பளிச்னு தெரிய சேக்கற அந்த வெளுப்பு கெமிக்கல்தான் அப்படி மின்னும், அது 19-ம் நூற்றாண்டுல ஏது? மேல முழுக்க வலை வலையா விரிசல், ஆனா தினமும் இழுத்து மூடற உள் தட்டோட பக்கத்துல ஒரு கீறல்கூட இல்ல. மைக்கறை மட்டும் உள்ள அழகா வட்டமா இருக்கு.

விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டினேன், பாத்ததும் ஸ்ரீநகர் வேலைன்னுட்டார். காஷ்மீர்ல இந்தக் கைவேலைக்கு ஒரு காலத்துல பேரே கார்-இ-கலம்தானி, அதாவது பேனாப் பெட்டி வேலை தானாம். வேலை நல்ல வேலைதான், அதுல குறையே இல்ல, புதுசுனு சொல்லி வித்திருந்தா சந்தோஷமா வாங்கிருப்பேன்.

திரும்பக் கடைக்குப் போய் சண்டை போட்டா, கடைக்காரர் பில்ல காட்டறார். "கைவினை அலங்காரப் பொருள்"னு போட்டிருக்கு. வாயால 180 வருஷம், எழுத்துல ஒண்ணுமில்ல! 1972 பழம்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின இந்த மாதிரி பொருள விக்க லைசென்ஸ் வேணும், அத கேட்டப்போ "நான் எங்க சார் ஆன்டிக்னு எழுதிக் குடுத்தேன்"னு டீ குடிச்சிட்டே சொல்றார். வாங்கறதுக்கு முன்னாடி அந்த லைசென்ஸ கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், நான்தான் தாடிய பாத்து மயங்கிட்டேன்.

போன வாரம் அவர் வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல இன்னொரு பெட்டி. வேற ரோஜா, அதே தாடி, தேதி 1253.