சென்னை ரசிகருக்கு எது பொருந்தும்: ஐ.எஸ்.எல். ஆட்டமா, சீனியர் டிவிஷன் லீக்கா?

'சென்னையின் எஃப்.சி.' என்னும் கிளப் ஆடும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்ற தேசியக் கால்பந்துப் போட்டிக்குப் போவதா, சென்னை கால்பந்து சங்கம் உள்ளூர் அணிகளுக்காக நடத்தும் சீனியர் டிவிஷன் லீக்கைப் பின்தொடர்வதா என்று பலர் தயங்குகிறார்கள்.

செலவு: ஐ.எஸ்.எல்.லுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். குடும்பத்தோடு போனால் தின்பண்டச் செலவு அதையும் விஞ்சிவிடும். சீனியர் டிவிஷனுக்குப் பெரும்பாலும் பேருந்துக் கட்டணமும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும்.

வசதி: பெரியமேடு நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலுக்கு அருகிலிருப்பதாலும் ஆட்டம் பெரும்பாலும் இரவில் மின்னொளியில் நடப்பதாலும், அலுவலகம் முடித்து வருவோருக்கு ஐ.எஸ்.எல். எளிது. சீனியர் டிவிஷன் ஆட்டங்கள் வேலைநாளின் பிற்பகல் வெயிலிலும் நடக்கும்.

ஆட்டம்: தரத்தில் ஐ.எஸ்.எல். மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் உள்ள நேரு அரங்கின் கேலரியில் பார்வையாளர் விலகியே அமர வேண்டியிருக்கிறது. சீனியர் டிவிஷன் நடக்கும் சிறு மைதானத்தில் கோட்டோரம் நின்றாலோ, கோல்கீப்பர் தம் தற்காப்பு வீரர்களை "ஏறு, ஏறு" என்று விரட்டுவதும், ஷின் கார்டில் (முன்காலைக் காக்கும் கவசம்) பூட்ஸ் மோதும் ஓசையும் தெளிவாகக் கேட்கும்; வங்கி, ரயில்வே அணிகளுக்காக ஆடும் உள்ளூர் வீரர்களின் முகங்கள் ஓரிரு சீசனிலேயே பழகிவிடும். என் விருப்பம் இதுதான்.

நிலைப்பு: சென்னையின் எஃப்.சி. 2015, 2017-18 ஆகிய இரு சீசன்களிலும் பட்டம் வென்றது. ஆனால், பட்டம் மட்டுமே ஒரு கிளப்பைக் காப்பதில்லை. ஐ-லீக் என்னும் மற்றொரு தேசிய லீக்கை 2018-19 சீசனில் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி. சில ஆண்டுகளிலேயே களத்திலிருந்து மறைந்தது.

ஆரவாரத்தையும் குடும்பத்தோடு கழிக்கும் மாலையையும் விரும்புவோர் ஐ.எஸ்.எல்.லைத் தேர்ந்தெடுக்கலாம், அகாடமியில் பயிலும் பிள்ளைக்கு ஆட்ட நுணுக்கம் காட்ட விரும்பும் பெற்றோருக்குச் சீனியர் டிவிஷனே ஏற்றது, தொப்பியை மட்டும் மறக்க வேண்டாம்.