கோண்டாவிலில் ஒரு 4ஜி ரவுட்டர்: இரவு எட்டு மணிக் கணக்கு

2020இல் ஊரடங்கு போட்டு, பள்ளிக்கூடம் முழுக்க சூமுக்குள் போன நேரத்தில் எடுத்த 4ஜி ரவுட்டர்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. போனிலும் அதே கொம்பனியின் சிம்தான். எந்தக் கொம்பனி என்று எழுதவில்லை, எழுதினாலும் உங்களுக்குப் பெரிய பிரயோசனம் இராது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எனக்குக் கிடைப்பது ஒன்று, அதே சிம் போட்டிருக்கிற என் மச்சானுக்குச் சங்கானையில் கிடைப்பது வேறொன்று. உங்கள் வளவுக்கு எந்த ரவர் எட்டுகிறது, அந்த ரவரில் இரவு எட்டு மணிக்கு எத்தனை வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது, இவ்வளவுதான் விசயம். விளம்பரத்தில் இந்த இரண்டும் வராது.

முதலில் வேகம். காலை ஆறு மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 30 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்ற நெற் வேகக் கணக்கு) தாண்டும். மத்தியானம் 15, 20. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு இறங்கத் தொடங்கி எட்டு மணிக்கு 3, சில நாள் 2. பத்தரை தாண்ட மறுபடி ஏறும். காரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஒன்லைன் ரியூசன் அந்த நேரம், யூரியூப் அந்த நேரம், திருநெல்வேலிப் பக்கம் கம்பஸ் பிள்ளைகள் அறைக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். கனடாவில் பொழுது விடிவது எங்களுக்குப் பின்னேரம் என்பதால் ரொறன்ரோவில் தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்புகிற ஆட்களும் அப்போதுதான் வீடியோ கோல் எடுப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிற ஊரில் இது சின்னப் பாரம் இல்லை. வீடியோ கோலுக்கு நாங்கள் அனுப்புகிற வேகமும் வேண்டும், அது எங்கள் ரவுட்டரில் எட்டு மணிக்கு 1 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போய்விடும். அவர்களை எங்களுக்குத் தெளிவாகத் தெரியும், எங்கள் முகம் அங்கே உறைந்து நிற்கும். அக்காவோடு கதைக்கும்போது அம்மா படுகிற அந்தரத்தைப் பார்த்த பிறகுதான் இதை விடக்கூடாது என்று இறங்கினேன்.

ஆட்களைக் குழப்புவது சிக்னல் கோடுதான். நாலு கோடும் நிறைந்திருக்கும், நெற் வராது. ரவரின் அலை உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதை மட்டும்தான் கோடு காட்டும். அந்த ரவரில் உங்களுக்கென்று எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை அது காட்டாது. ஒரு ரவரின் ஒரு பக்கத்தில் இருக்கிற மொத்த வேகத்தை அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் பங்குபோட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோவிலடியில் நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், தேரன்று போனில் கோடு முழுசாக இருக்க ஒரு படம்கூடப் போகாது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஆர்எஸ்ஆர்பி என்று ஒரு எண் இருக்கும், வந்து சேருகிற சிக்னலின் பலம் அது, மைனஸில். மைனஸ் 80, 90 என்றால் நல்லது, மைனஸ் 110 தாண்டினால் கஷ்டம். எங்களுக்கு மைனஸ் 92. அதைச் சொல்லித்தான் முறையிட்டேன். ஹொட்லைனில் தமிழுக்கு இலக்கம் அழுத்தலாம், அது நல்ல விசயம், ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரம் தமிழுக்குத்தான் அதிகம் போல எனக்குப் படுகிறது. எடுத்தவுடன், “ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ சேர்.” எத்தனை முறை எடுத்தாலும் முதல் வசனம் அதுதான். முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள், ஒருவரும் வரவில்லை, பிறகு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. ஒன்றும் தீரவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியான நாட்டில், காசு வாங்குகிற கொம்பனி அம்மாவுக்கு விளங்காத மொழியில் எஸ்எம்எஸ் அனுப்புவது எனக்கு இன்னும் ஆத்திரம்தான். அம்மாவின் போனில் ராசிபலன் என்று ஏதோ ஒன்று தானாகப் பதிவாகித் தினமும் சில ரூபா கழிந்துகொண்டிருந்ததும் அதனால்தான் வெகுநாள் தெரியாமல் இருந்தது.

கொம்பனியின் ரவுண் கிளைக்கு நேரே போனபோதுதான் வேலை நடந்தது. கவுண்டரில் இருந்த தங்கச்சி நேரம் நேரமாக நான் எடுத்து வைத்திருந்த ஸ்பீட் டெஸ்ட் படங்களைப் பார்த்துவிட்டு, கொம்பியூட்டரில் ஏதோ அடித்து, டெக்னிக்கல் ஆளை அனுப்புகிறேன் என்றா. வந்த பெடியன் கெட்டிக்காரன். ரவுட்டர் இருந்த கிழக்கு யன்னலைப் பார்த்தான், போனில் ஒரு அப்பைத் திறந்து வளவைச் சுற்றி நடந்தான். பிறகு சொன்னான்: “அண்ணை, நீங்கள் பிடிக்கிறது கம்பஸ் பக்க ரவர். கிட்ட எண்டபடியால் சிக்னல் நல்லம், ஆனா சனம் கூட. தாவடிப் பக்கத்து ரவருக்கு மாத்தினா சிக்னல் குறையும், நெற் கூடும்.” ரவுட்டரை மேற்குப் பக்க அறைக்குக் கொண்டுபோய் யன்னல் கட்டில் வைத்து, வேறு அலைவரிசையில் பூட்டிவிட்டான். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 104க்கு இறங்கியது. ஒரு கோடு போச்சு. அன்று இரவு எட்டு மணிக்கு 11 எம்பிபிஎஸ். இப்போது 8க்கும் 12க்கும் இடையில் நிற்கிறது. அக்காவுக்கு எங்கள் முகம் அசைகிறது.

கவரேஜ் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். ரவுணிலிருந்து பருத்தித்துறை, காங்கேசன்துறை, சாவகச்சேரி என்று பிரதான வீதிகளில் போனில் 4ஜி விடாது. வீட்டுக்குள்தான் வித்தியாசம் காட்டும். பழைய ஓட்டு வீட்டில் உள் அறையிலும் கதைக்கலாம், மேலே கொங்கிறீற் பிளேற் போட்ட வீட்டில் விறாந்தைக்கு வர வேண்டும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி வரும், தூரமும் போகும். 2300 போன்ற மேல் அலைவரிசைகளில் கொள்ளளவு கூட, ஆனால் சுவரைக் கண்டால் களைத்துவிடும். தீவுப் பக்கம் வேறு கதை. குறிகட்டுவான் வரை சமாளிக்கலாம், நெடுந்தீவுப் படகில் ஏறினால் இடையில் விழுந்துவிடும், நெடுந்தீவிலும் இடத்துக்கு இடம் மாறும். அங்கே போய் ஒன்லைன் கூட்டம் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கரண்டைப் பொறுத்தவரை, 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியபோது ரவர் பற்றரியும் படுத்துவிட்டது. இப்போதைய சின்ன வெட்டுகளுக்கு ரவர் நிற்கும், ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தால் போதும்.

பக்கேஜ்தான் எனக்கு இன்னும் சரிவராத இடம். மொத்த ஜிபியைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், அதில் பாதிக்கு மேல் நடுச்சாமம் 12இலிருந்து காலை 8 வரைக்குமான இரவு டேட்டா. நித்திரை கொள்கிற நேரத்து ஜிபியை யார் கேட்டது? எந்நேரமும் பாவிக்கிற டேட்டா எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், விலையை அதால் பிரியுங்கள், அப்போதுதான் உண்மையான விலை தெரியும். நான் கொம்பியூட்டர் அப்டேற், பிள்ளையின் பாட வீடியோ எல்லாவற்றையும் காலை ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் இறக்கிவிடுவேன், கணக்கில் அது இரவுதான். வரி வேறு. 2022 செப்டெம்பரில் கட்டணம் 20 சதவீதம் ஏறியது, 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 ஆனது. வேகம் அதே வேகம். எயார்டெல் கொம்பனி டயலொக் கொம்பனியோடு 2024இல் சேர்ந்த பிறகு தெரிவும் குறைந்துவிட்டது.

புதிதாக எடுக்கப் போகிறவர்கள், அதே ஒழுங்கையில் ரவுட்டர் வைத்திருக்கிற வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். சிம்மைப் போனில் போட்டுப் பார்ப்பது போதாது, ரவுட்டர் வேறு அலைவரிசையில் ஓடக்கூடும். கிளையிலும் காரியம் ஆகாவிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் அடிக்கலாம். நான் இப்போதைக்கு இதையே வைத்திருக்கிறேன். பைபர் கேபிள் நெற் பிரதான வீதிவரை வந்துவிட்டது, எங்கள் ஒழுங்கைக்குள் இழுத்தால் அடுத்த நாளே மாறுவேன்.