ஸ்னூப்பியும் ஈகிளும்

இரண்டுமே 1969-இல் நிலவுக்குப் போன இறங்குகலங்கள். மே மாதம் அப்போலோ 10-இன் ஸ்னூப்பி, நிலவுத் தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை போய்த் திரும்பியது. கீழ்ப்பகுதியைக் கழற்றும் நேரத்தில் ஒரு சுவிட்ச் தவறான நிலையில் இருந்ததால் கலம் தறிகெட்டுச் சுழன்றது; உள்ளே இருந்த விண்வெளி வீரர் செர்னான் திட்டியது பூமிவரை கேட்டது! கூட இருந்த ஸ்டாஃபர்ட் சில நொடிகளில் கலத்தை அடக்கிவிட்டார்.

ஜூலையில் அப்போலோ 11-இன் ஈகிளுக்கு இறங்கும்போதே 1202 எச்சரிக்கை, அதாவது கணினிக்கு வேலை தாங்கவில்லை என்ற அறிவிப்பு. அப்புறம், நிலவிலிருந்து மேலெழும்பும் இன்ஜினுக்கான சர்க்யூட் பிரேக்கரின் முனை உடைந்து கலத்துக்குள் தரையில் கிடந்தது. ஈகிளில் போன வீரர் ஆல்ட்ரின் ஸ்கெட்ச் பேனாவை விட்டு அழுத்தினார். எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

ஸ்னூப்பியின் மேல்பகுதி சூரியனைச் சுற்றப் போய்விட்டது. ஈகிளின் மேல்பகுதியை நிலவைச் சுற்றும்படி விட்டுவந்தார்கள். எப்போதோ நிலவில் விழுந்திருக்கும் என்றே நினைத்திருந்தார்கள். 2021-இல் வந்த ஒரு கணக்கோ, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்கிறது.