ஏபிஎஸ் லைட் எரிந்ததும் சென்சார் வாங்கப் போகாதீர்கள்: இரண்டு கார்கள், ஒன்பது வருட அனுபவம்

ஒன்பது வருடத்தில் இரண்டு கார்களில் ஐந்து முறை வீல் ஸ்பீடு சென்சார் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கு ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சொல்வது) கோளாறு பார்த்திருக்கிறேன். அதில் சென்சாரே கெட்டுப்போயிருந்தது ஒரே ஒரு முறை. மற்ற நான்குக்கும் காரணம் துரு, வெடித்த பல் வளையம், உள்ளே அறுந்த வயர், திருப்பிப் போட்ட பேரிங். லைட் எரிந்த போதெல்லாம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சொன்னது ஒரே விஷயத்தைத்தான்: இன்ன சக்கரத்தின் சென்சார் சிக்னலில் கோளாறு. அந்த வரியைப் படித்த கையோடு புது சென்சார் ஆர்டர் செய்கிறவர்கள் நிறைய. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் பழைய காரில் இருந்தது காயில் வகை சென்சார். ஒரு காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச் சுருள், எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வளையம். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் ஏசி வோல்டேஜ் பிறக்கும். வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும். கார் ஊர்ந்து போகும்போது அது மிகவும் குறைந்துவிடும், சிக்னலே இல்லாத மாதிரி. நான் பட்ட முதல் அவஸ்தைக்குக் காரணம் இந்த பலவீனம்தான்.

லைட் எதுவும் எரியவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கப் போகும் கடைசி சில அடிகளில், காய்ந்த ரோட்டில், மெதுவாக பிரேக் மிதிக்கும்போதே பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடிக்கும். கார் ஒரு கணம் நிற்க மறுத்து முன்னால் நழுவும். முன்னால் ஒரு பைக் நின்றிருந்தால் நெஞ்சு படபடக்கும். பிரேக் பேடு, டிஸ்க் எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. ஏபிஎஸ் படிக்கக்கூடிய ஸ்கேனரை மாட்டி, நண்பரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஒரே திரையில் பார்த்தேன். 30, 20, 15 வரை நான்கும் சேர்ந்தே இறங்கின. 9 வந்ததும் முன் வலது மட்டும் சட்டென்று பூஜ்யம். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்க ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டதாகத் தெரிந்தால், கம்ப்யூட்டர் அது லாக் ஆகிவிட்டது என்று நினைத்து அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விடுவிக்கிறது. அதன் பார்வையில் அது சரியான வேலைதான்.

சென்சாரைக் கழற்றவே அரை நாள் ஆனது. துரு எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, இடம் வலமாக மெல்லத் திருப்பித் திருப்பித்தான் வெளியே வந்தது. அது உட்காரும் இடத்தில் துரு அடை போல ஏறி, சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளியிருந்தது. நகத்தின் தடிமன்கூட இருக்காது. ஆனால் சென்சாருக்கும் வளையத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளியே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, முனையில் ஒட்டியிருந்த இரும்புத் துகளைத் துடைத்து, அதே சென்சாரைத் திரும்ப மாட்டினேன். அதற்குப் பிறகு மற்ற மூன்றைப் போலவே அதுவும் கார் நிற்கும் தறுவாயில்தான் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பல் வளையம் வெடித்ததும் அதே காரில்தான். ஆக்சிலில் அழுத்திப் பொருத்திய வளையத்தின் அடியில் துரு ஊதி, மயிரிழை விரிசல் விட்டிருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றியபடி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும். வளையம் முழுவதையும் பொறுமையாகப் பாருங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

சென்சாரே செத்த அந்த ஒரு முறை மல்டிமீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. காலையில் 1,150 ஓம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து வைத்தால் ரீடிங்கே இல்லை. சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போகிறது. குளிர்ந்த காரில் மட்டும் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம்.

இப்போதைய காரில் இருப்பது ஆக்டிவ் வகை, அதாவது உள்ளே சிப் வைத்து, காரிலிருந்து வோல்டேஜ் வாங்கி வேலை செய்வது. இதிலும் இரண்டே வயர் என்பதால் பழைய பழக்கத்தில் ஓம் மோடில் வைத்துவிடாதீர்கள். வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, உள்ளே இருக்கும் சிப்புக்கும் ஆபத்து. கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, கார் பக்கத்து வயரில் சப்ளை வோல்டேஜ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் கோளாறு வயரிங்கிலோ ஏபிஎஸ் கம்ப்யூட்டரிலோ இருக்கிறது, சென்சாரை மாற்றிப் பயனில்லை. இந்த வகையில் சிக்னல் கரண்டாகப் போகும்: சுமார் 7 மில்லி ஆம்பியருக்கும் 14க்கும் இடையே மாறி மாறி. வேகம் குறைந்தாலும் அலையின் உயரம் குறையாது. ஊர்ந்து போகும்போதும் படிக்கிறது என்பது இதன் பெரிய நன்மை.

வயர் அறுந்த கதை சுருக்கமானது. ஸ்டீயரிங்கை முழுதாக இடது பக்கம் ஒடித்தால் மட்டும் லைட் வரும். நின்ற இடத்தில் வேக எண்ணெல்லாம் பூஜ்யமாகத்தானே இருக்கும், அதனால் முன்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற நான் வயரை விரற்கடை விரற்கடையாக வளைத்துக்கொண்டே வந்தேன். ஷாக் அப்சார்பர் பக்கம் பிடிப்புக் கிளிப் கழன்று போயிருந்த இடத்தில் திரையில் எண் விழுந்தது. மேல் ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை, செம்பு மட்டும் உள்ளே முறிந்திருந்தது.

ஸ்கேனர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மலிவான ஓபிடி கருவிகளில் (காரில் மாட்டும் ஸ்கேனர்களில்) பல இன்ஜின் கோளாறு எண்களை மட்டுமே படிக்கும். சி0035 முன் இடது, சி0040 முன் வலது என்று வரும் சேஸிஸ் (பிரேக், சக்கரம் சார்ந்த) கோளாறு எண்களையும், கார் ஓடும்போதே நான்கு சக்கரத்தின் வேகத்தையும் காட்டும் லைவ் டேட்டாவையும் உங்கள் காருக்குக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். என் கணக்கில் கோளாறு எண்ணைவிட லைவ் டேட்டாதான் முக்கியம். இன்னொன்று, ஏபிஎஸ் லைட் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள்.

கடைசியாக நடந்தது போன வருடம். பின் சக்கர பேரிங் மாற்றிக் காரை எடுத்த அன்றே லைட். வொர்க்‌ஷாப்பில் சென்சார் போய்விட்டது என்றார்கள். காலையில் வேலை செய்த சென்சார் பேரிங் மாற்றியதும் சாகுமா என்று எனக்குச் சந்தேகம். இந்தக் காரில் பல் வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வடக்கும் தெற்குமாகக் காந்தம் பதித்திருக்கும், பார்வைக்கு வெறும் கறுப்பு ரப்பர். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தபோது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அழுத்தி எடுத்த பேரிங்கை மறுபடி போட முடியாது என்பதால் இன்னொன்று வாங்கினோம். பிரஸ்ஸில் வைப்பதற்கு முன் மெக்கானிக் அண்ணன் ஒரு ஸ்டேப்ளர் பின்னை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். கறுப்புப் பக்கத்தில் பின் லேசாக ஒட்டி நின்றது. அந்தப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டுத்தான் அழுத்தினார். காரை வெளியே எடுத்துத் தெருமுனை திரும்புவதற்குள் லைட் அணைந்துவிட்டது.