ஸ்லிப் டெஸ்டா, யூனிட் டெஸ்டா?

பத்தாம் வகுப்புக் கணக்கில் இயற்கணிதம் நீளமான பாடம். இருபடிச் சமன்பாடு, வரைபடம் என்று போய் அணிகளில் முடியும். காரணிப்படுத்தும்போது குறியை மாற்றிப் போடும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து நோட்டைப் பார்க்கும் ஆசிரியர் இரண்டாவது கணக்கிலேயே அதைப் பிடித்துவிடுவார். பாடம் முடிந்து வைக்கும் யூனிட் டெஸ்ட்டும் பிடிக்கும், ஆனால் வாரக்கணக்கில் தாமதமாக. அதற்குள் அந்தத் தவறு கைப்பழக்கமாகியிருக்கும்.

அதற்காக யூனிட் டெஸ்ட்டைத் தள்ளிவிட முடியாது. காலையில் நடத்திய முறையை வைத்து அன்றைக்கே கேட்கும் ஐந்து மார்க் ஸ்லிப் டெஸ்ட்டில் பாதி வகுப்பு சரியாக எழுதிவிடும். எந்த முறையில் போடவேண்டும் என்பதுதான் முன்பே தெரியுமே! பல வகைக் கணக்குகள் கலந்து வரும்போது, இது எந்த வகை என்று தானாகக் கண்டுபிடிக்கிறாரா என்பது யூனிட் டெஸ்ட்டில்தான் தெரியும். பொதுத்தேர்வும் அதைத்தான் கேட்கிறது.

தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரைக்கும், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. பாடம் நடக்கும்போதே செயல்பாடு, சிறு தேர்வு என்று பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க், பருவ முடிவில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நோக்கம் நல்லதுதான். மார்க் என்று வந்ததும் பல வீடுகளில் சார்ட்டை அப்பா வரைந்தார், மாடலைக் கடையில் வாங்கினார்கள். ஆசிரியருக்குப் பதிவேடு நிரப்பும் வேலை கூடியது. யார் எங்கே தடுமாறுகிறார் என்பதை அந்த 40 பெரும்பாலும் சொல்லவில்லை. (முழு மார்க் வாங்கிய சார்ட்டுகள் பிறகு பீரோவுக்கு மேலே தூசி படிந்தது வேறு கதை.)

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக நம்பத்தகுந்த எண் வேண்டுமென்றால் தேர்வுத்தாளைத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், வகுப்பறை மதிப்பீட்டுக்கு மார்க்கே வேண்டாம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கணக்கு. தாளை வாங்கி, புரிந்தது, அரைகுறை, புரியவில்லை என்று மூன்றாகப் பிரித்தால் நாளைக்கு எதைத் திரும்ப நடத்துவது என்று தெரிந்துவிடும். நாற்பது பேர் வகுப்பிலும் இது முடியும். யூனிட் டெஸ்ட் மார்க்கோடு இருக்கட்டும், ஆனால் இயற்கணிதம் மாதிரிப் பாடத்தை இரண்டாக வெட்டி வைக்கலாம். அப்புறம், திருத்திய தாள் அடுத்த பாடம் தொடங்கும் முன் கைக்கு வரவேண்டும், தவறவிட்ட கணக்கை மறுபடி போட்டுக் காட்ட ஒரு பீரியடும் ஒதுக்கவேண்டும்.