தனியா போட்ட பீரும் எங்க அக்காவும்: ஒரு லேடீஸ் டேஸ்டிங் ரிவ்யூ

போன சனிக்கிழமை ஆழ்வார்பேட்டை பக்கம் ஒரு ஹோட்டல் பார்ல பெண்களுக்கு மட்டும்னு பீர் டேஸ்டிங் வெச்சிருந்தாங்க. தலைக்கு 1,800 ரூபாய், சாயங்காலம் நாலுல இருந்து ஏழு வரைக்கும், நானும் எங்க பெரியம்மா பொண்ணும் போயிட்டு வந்தோம். பாதி ரொம்ப நல்லா இருந்தது, பாதி பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். ஹோட்டல் பேர் போடல, ஏன்னு கீழ படிச்சா புரியும்.

மொதல்ல என் கதைய சொல்லிடறேன். காலேஜ் முடிச்ச வருஷம் மொட்டை மாடில கசின் பசங்க ஒரு டம்ளர்ல ஊத்திக் குடுத்தானுங்க, ஸ்ட்ராங் பீர், அதுவும் வெயில்ல இருந்து வெதுவெதுன்னு. ஒரு வாய் குடிச்சு பூந்தொட்டில துப்பிட்டேன். "பொண்ணுங்களுக்கு கசப்பு புடிக்காதுடி, உனக்கு ஏதாவது ஸ்வீட்டா வாங்கித் தரேன்"னான் ஒருத்தன். பதினஞ்சு வருஷம் நானும் அத நம்பிட்டு இருந்தேன்ங்க. பாகற்காய் பிட்லை, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, வேப்பம்பூ ரசம், சக்கரை கம்மியா டிகாஷன் தூக்கலா காபி, இதெல்லாம் வீட்டுல ரசிச்சு சாப்பிடறது யாரு? எங்களுக்கா கசப்பு புடிக்காது?

அக்காவுக்கு 52 வயசு, ஸ்கூல்ல தமிழ் டீச்சர். கல்யாணத்துல ஷாம்பெயின்னு சொல்லி குடுத்த ஆப்பிள் ஜூஸ தவிர வேற எதுவும் தொட்டதில்ல. "எப்படித்தான் இருக்குன்னு ஒரு தடவ பாத்துடறேன், அத்தான்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்"னு அவளே கிளம்பினா. கேப் புக் பண்ணிட்டோம், வண்டி எடுக்கல. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தாலே இங்க கேஸு, டேஸ்டிங்தானேன்னு வண்டி எடுத்துட்டுப் போயிடாதீங்க.

உள்ள போனதும் கடுப்பு. ரோஸ் கலர் பலூன், ரோஸ் கலர் மெனு, வெல்கம் ட்ரிங்க்னு ஸ்ட்ராபெரி சிரப் ஊத்துன பீர். பீர் சொல்லித்தரேன்னு கூப்பிட்டுட்டு மொத கிளாஸ்லயே அத சிரப்புல ஒளிச்சு வெச்சா எப்படி? அக்கா ஒரு சிப் குடிச்சிட்டு "இருமல் மருந்துடி"ன்னு தள்ளி வெச்சுட்டா. ஸ்பீக்கர் வேற காதுக்குள்ள இடிக்குது.

அப்புறம் சொல்லிக் குடுக்க ஒரு பொண்ணு வந்தாங்க, பெங்களூர்ல பீர் காய்ச்சுற ப்ரூவரில வேலை பாத்தவங்களாம், அங்க இருந்துதான் காசு வசூல் ஆக ஆரம்பிச்சுது. பீர்னா நாலே பொருள்னு ஆரம்பிச்சாங்க, தண்ணி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட்னா பார்லிய ஊற வெச்சு முளை விட்டதும் காய வெச்சு எடுக்கறது, நாம கேழ்வரக முளை கட்டி காய வெச்சு அரைக்கிற மாதிரிதான். கசப்பு ஹாப்ஸ்ங்கற பூவுல இருந்து வருது. உடனே அக்கா கைய தூக்கிட்டா, க்ளாஸ்ல பசங்க தூக்குற மாதிரி. "அரிசிக் கூழ ஆற வெச்சு, முளைய இடிச்சுக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி ஜாடில புளிக்க வெப்பாங்கன்னு சங்கப் பாட்டுலயே இருக்கும்மா, அதுவும் இதுதானே?" அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டாங்க, அப்புறம் நோட்டு எடுத்து எழுதிக்கிட்டாங்க. அக்கா விடுவாளா, கள்ளு கொஞ்சமா இருந்தா அதியமான் அத ஔவையாருக்கே குடுத்துடுவான், நெறைய இருந்தா அந்தம்மா பாடப் பாட அவனும் சேர்ந்து குடிப்பான்னு பக்கத்து டேபிளுக்கும் சேத்து பாடம் எடுத்தா. ராஜா கூட சமமா உக்காந்து குடிச்ச பொம்பளைய வருஷா வருஷம் க்ளாஸ்ல நடத்துறேன், ஆனா பீர்னு சொல்ல வாய் கூசுதுன்னா.

நாலு கிளாஸ், ஒவ்வொண்ணும் 100 மில்லி. மொத கிளாஸ் சாதா லேகர், நம்ம ஊர்ல எங்கயும் கிடைக்கிற 5 சதவீத ஆல்கஹால் ரகம், குறை சொல்ல எதுவும் இல்ல, ஞாபகம் வெச்சுக்கவும் எதுவும் இல்ல.

ரெண்டாவது ஜெர்மன் கோதுமை பீர், ஹெஃபவைசன். மூக்கு கிட்ட கொண்டு போனா வாழைப்பழ வாசனை, பின்னாடியே லேசா கிராம்பு. பழம் எசன்ஸ் எதுவும் போடறதில்லையாம், அந்த ஈஸ்ட்டே புளிக்கும்போது அப்படி வாசனைய விடுதாம். நான் ரஸ்தாளின்னேன், அக்கா பூவன்னா, கடைசி வரைக்கும் அந்த சண்டை தீரல.

மூணாவதுதான் ஹீரோ. பெல்ஜியம் விட்பியர், அதுல ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடறாங்க. ஆமா, தனியாவேதான். ஹூகார்டன்னு ஒரு ஊர்ல இந்த ரகமே அழிஞ்சு போயி, 1960கள்ல பியர் செலிஸ்னு ஒரு பால்காரர் மறுபடி காய்ச்சி உயிர் குடுத்தாராம். மஞ்ச மசேல்னு கலங்கலா இருக்கு, லேசா புளிப்பு, கசப்பு ரொம்ப கம்மி. "தனியா போட்டா ரசம்தானே, இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல"ன்னு அக்கா முழு கிளாஸையும் முடிச்சிட்டா. நெத்திலி ஃப்ரை ஒரு வாய், இது ஒரு வாய், அடடா. அந்த நெத்திலிக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார் குடுக்கலாம் (இது வேற தனியா).

நாலாவது ஸ்டவுட், கருப்பு. பார்லிய நல்லா கருக வறுத்துப் போடறதால காபி, சாக்லேட் வாசனை வரும். கூட சாக்லேட் கேக் வெச்சாங்க, சுமார். அக்கா ஹேண்ட்பேக்ல இருந்து கோவில்பட்டி கடலை மிட்டாய் எடுத்தா பாருங்க, வறுத்த கடலையும் வெல்லமும் அந்தக் கருப்புக் கசப்பும் சேர்ந்தா, சொல்லித் தந்த பொண்ணே வந்து ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க.

நுரை பத்தி சொன்னது எனக்கு புதுசு. நுரை வந்தா ஏமாத்துறாங்கன்னு இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன், வாசனைய தூக்கிக் குடுக்கறதே நுரைதானாம். டீக்கடைல நுரை இல்லன்னா சண்டை போடற ஊருக்கு இது தெரியாம போச்சே. அதே மாதிரி ஜில்லுன்னு பல்லு கூசுற அளவுக்கு குடிச்சா ருசியே தெரியாது, ஸ்டவுட்ட ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வெச்சுத்தான் ஊத்துனாங்க.

பயோகான் மருந்து கம்பெனி ஆரம்பிச்ச கிரண் மஜும்தார் ஷா கதையும் வந்துச்சு. அப்பா யுனைடெட் ப்ரூவரீஸ்ங்கற பீர் கம்பெனில தலைமை ப்ரூமாஸ்டர், அதாவது பீர் காய்ச்சுறவங்களுக்கு தலைவர், பொண்ணு ஆஸ்திரேலியால பல்லாரட் போயி பீர் காய்ச்சுற படிப்பு படிச்சு 1975ல முடிச்சிருக்காங்க, வகுப்புல அவங்க ஒரே பொண்ணு. ஊருக்குத் திரும்பினா பொம்பளைக்கு அந்த வேலை குடுக்க ஆள் இல்ல. 1978ல பயோகான் ஆரம்பிச்சாங்க, அங்க மொதல்ல பண்ணதுல ஒண்ணு பீர தெளிய வைக்கிறதுக்கு மீன்ல இருந்து எடுக்குற பொருளாம். கோவத்துல ஆரம்பிச்ச கம்பெனி மாதிரி இருக்குல்லன்னு அக்கா காதுல கிசுகிசுத்தா.

கணக்கு ஒண்ணு போட்டுக் காமிச்சாங்க, அது முக்கியம். 5 சதவீதத்துல 330 மில்லி பாட்டில் குடிச்சா உள்ள போற ஆல்கஹால் 16 மில்லி சொச்சம், 8 சதவீத ஸ்ட்ராங்ல 650 மில்லி பாட்டில்னா 52 மில்லி, மூணு மடங்கு. ரெண்டுக்கும் பேரு ஒரு பீர்தான். பொம்பளைங்க உடம்புல தண்ணி கம்மிங்கறதால அதே அளவுக்கு நமக்கு சீக்கிரம் ஏறும். மாடில எனக்கு குடுத்தது என்னன்னு இப்பதான் புரிஞ்சுது. குடிக்காதவங்க இதப் படிச்சு ஆரம்பிக்கணும்னு இல்ல, மாசமா இருக்கறவங்க கிட்டயே போக வேணாம்.

இப்ப அந்த பல்லக் கடிச்ச விஷயம். ஸ்டவுட் வந்த நேரத்துல ஒரு பையன் கேமராவோட டேபிள் டேபிளா வந்து கேக்காம கொள்ளாம க்ளிக் பண்றான். அக்கா கைல கிளாஸ், முகம் அப்படியே வெளுத்துடுச்சு. மேனேஜர கூப்பிட்டா, "மேடம், இன்ஸ்டா ப்ரமோஷனுக்குத்தான், நல்லா வரும்"ங்கறார். சார், அது நாளைக்கு ஃபேமிலி க்ரூப்ல வரும், திங்கக்கிழமை ஸ்டாஃப் ரூம்ல வரும், அப்புறம் பேரன்ட்ஸ் மீட்டிங்ல வரும். ஆம்பள வாத்தியார் ஒயின் ஷாப் வாசல்ல நின்னா ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, இவளுக்கு அப்படியா? பத்து நிமிஷம் வாக்குவாதம், கடைசில எங்க முன்னாடியே அழிச்சாங்க, பக்கத்து டேபிள் பொண்ணுங்களும் வந்து அவங்கவங்க படத்த அழிக்க சொன்னாங்க. ரோஸ் பலூனுக்கு செலவு பண்ண மூளைய இதுக்கு கொஞ்சம் செலவு பண்ணிருக்கலாம். அழிச்சதால பேர விட்டுட்டேன்.

பாத்ரூம் சுத்தம், தாப்பா ஒழுங்கா விழுது. லேடி செக்யூரிட்டி கேப் வர்ற வரைக்கும் கூட நின்னாங்க. டாக்ஸ் தனின்னு கடைசிலதான் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் நெத்திலி எக்ஸ்ட்ரா ப்ளேட்டோட 4,700 ஆச்சு. சொல்லித் தந்த பொண்ணுக்கு அஞ்சுக்கு அஞ்சு, இடத்துக்கு ரெண்டரை. அடுத்த மாசமும் வைக்கிறாங்களாம். கேமரா வராதுன்னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டு காசு கட்டுங்க, ஸ்பீக்கர் பக்கத்து டேபிள் வேணாம்னு சொல்லிடுங்க, கடலை மிட்டாய் நீங்களே எடுத்துட்டுப் போங்க.